சேலம் தண்ணீரில், சேலம் வெயிலில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வளர்ப்பது எப்படி

மீன் தொட்டியில் வளர்க்கும் அனுபியாஸ் செடியை வாங்கி வைத்தேன், ரெண்டே மாதத்தில் அழுகிப் போச்சு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தொட்டியின் அடியில் போட்டிருக்கும் சின்னக் கல்லுக்குள் புதைத்தீர்களா? பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். செடி என்றால் மண்ணில் ஊன்ற வேண்டும் என்றுதானே நமக்குப் பழக்கம், அதனால் இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நானும் முதல் செடியைப் புதைத்துத்தான் கொன்றேன். அடுத்த கேள்வி, லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது? காலையில் எழுந்ததும் போட்டு இரவு படுக்கும்போது அணைப்போம் என்பார்கள். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டாலே, மெதுவாக வளரும் செடிகளை வைத்துக் காப்பாற்றும் வேலையில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். மீதி நம்ம ஊர்த் தண்ணீரும் வெயிலும் சம்பந்தப்பட்டது, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

என்னுடையது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டி, சுமார் 54 லிட்டர் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, விலையுயர்ந்த மண் கிடையாது, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும்தான். இதற்குப் பொருந்தும் செடிகள் நாலைந்துதான். ஒன்று அனுபியாஸ் நானா, மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி, நம்ம சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது, இலை தோல் மாதிரி தடிமனாக இருக்கும். அடுத்தது ஜாவா ஃபெர்ன். ஏற்காட்டில் பாறை இடுக்கிலும் ஈரச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு வளரும் ஃபெர்ன்களைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி இதுவும் ஒட்டி வளரும் சாதி. அப்புறம் ஜாவா மாஸ், கல்லிலும் கட்டையிலும் மெல்லிய பச்சைக் கொத்தாகப் படரும் செடி. இலங்கையில் இருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டியை மட்டும் கல்லில் ஊன்றத்தான் வேண்டும். போர்னியோவின் பூசெஃபலாண்ட்ரா அழகுதான், ஆனால் சேலம் கோடையில் அதற்குக் கவனிப்பு கூடுதலாக வேண்டும், முதல் செடியாக அதை வாங்காதீர்கள்.

வளரும் வேகத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அனுபியாஸ் நல்லா இருக்கிறது என்றால் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு புது இலை விடும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு செடி சரியில்லை என்று இடம் மாற்றுவது, உரம் ஊற்றுவது, லைட்டைக் கூட்டுவது, எல்லாமே கெடுதல்.

சரி, நடுவதற்கு வருவோம். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கையில் எடுத்துப் பார்த்தால் இலைகளுக்கும் வேர்களுக்கும் நடுவில் படுக்கைவாட்டில் ஒரு தடித்த தண்டு ஓடும், ரைசோம் என்பார்கள். மஞ்சள் கிழங்கும் இஞ்சியும் அதே வகைதான். ஆனால் மஞ்சளை மண்ணில் புதைக்கிறோம், இதைப் புதைத்தால் காற்றோட்டமும் நீரோட்டமும் இல்லாமல் அடியில் இருந்து அழுகும். முதலில் ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும், ஒருநாள் தொட்டதும் இலை காம்போடு கழன்று கையில் வரும். அப்போது தண்டை அமுக்கிப் பார்த்தால் கொழகொழவென்று இருக்கும், முகர்ந்தால் சாக்கடை நாற்றம். அந்த நிலையிலும் எல்லாம் போய்விடவில்லை. புது பிளேடால் கெட்டியான பச்சைப் பகுதி வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருக்கும் துண்டை ஒரு கல்லில் கட்டி விட்டால், ரெண்டு இலை மட்டும் மிஞ்சியிருந்தால்கூட பிழைத்து வரும்.

கடையில் இருந்து வரும்போது பிளாஸ்டிக் சட்டியில் பஞ்சோடு இருக்கும். பஞ்சை எல்லாம் பொறுமையாகப் பிய்த்து எடுங்கள், வேர் கொஞ்சம் அறுந்தாலும் பரவாயில்லை. நீளமான வேரைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டிவிடலாம், கட்ட வசதியாக இருக்கும். தொட்டிக்குள் வைக்கும் மரக்கட்டையில்தான் செடியைக் கட்டுவோம், தண்டு கட்டையின் மேல் படுக்க வேண்டும், வேர் கட்டையைப் பார்த்து இருக்க வேண்டும், நூல் இலைக்காம்புகளுக்கு நடுவே போய்த் தண்டை லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். இறுக்கிக் கட்டினால் நூல் பதிந்த இடத்தில் தண்டு கருத்துவிடும்.

எந்த நூல் என்பதை நான் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அவரிடம் பருத்தி நூல் கேட்டேன், எதுக்கு என்று விசாரித்துவிட்டு, "தண்ணிக்குள்ளயா தம்பி? பருத்தி ரெண்டு மாசத்துல இத்துப் போயிருமே, பாலியஸ்டர் எடுத்துக்க" என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஜாவா மாஸும் ஃபெர்னும் அதற்குள் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், நூல் இத்துப்போனால் நமக்கு அவிழ்க்கும் வேலை மிச்சம், அதற்குப் பருத்தி நல்லது. அனுபியாஸ் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்குப் பாலியஸ்டரோ மெல்லிய தூண்டில் நரம்போ போடுங்கள், கருப்போ கரும்பச்சையோ என்றால் கண்ணுக்கும் தெரியாது. என் தொட்டியில் ஏழாவது வாரம் டார்ச் அடித்துப் பார்த்தபோது புது வேர் ஒன்று, நுனி மட்டும் இளம்பச்சையாக, கட்டையின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நூல் கட்டப் பொறுமை இல்லை என்றால் ஃபெவிக்விக் போதும், அது சயனோஅக்ரிலேட் பசை, காய்ந்த பிறகு மீனுக்கு ஒன்றும் செய்யாது. வேரையும் கல்லையும் துணியால் ஒற்றிவிட்டு, வேரில் மட்டும் ரெண்டு சொட்டு விட்டு, முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். தண்டு முழுக்கப் பூசாதீர்கள். பசை தண்ணீர் பட்டதும் வெள்ளையாகத் தெரியும், நாளடைவில் பாசி படிந்து மறைந்துவிடும்.

கட்டைக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏற்காட்டில் 1820-களில் இருந்தே காபி பயிராகிறது, எஸ்டேட்களில் வயதான செடிகளைப் பிடுங்கும்போது வேரோடு வரும் கட்டைகள் கிடைக்கும். காபிக் கட்டை நல்ல கனம், கிளைகிளையாக முறுக்கிக்கொண்டு இருக்கும், அனுபியாஸ் கட்ட இதைவிட அருமையான கட்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயம், காபிச் செடிக்கு இலைத்துரு நோய்க்காகப் போர்டோ கலவை அடிப்பது வழக்கம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது, அதாவது செம்பு. செம்பு மிகக் குறைந்த அளவில் இருந்தால்கூட இறாலும் நத்தையும் செத்துப்போகும். அதனால் பட்டையை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் போடுங்கள், பிறகு மூன்று வாரமாவது வாளியில் ஊறவைத்து ரெண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டிகாக்‌ஷன் மாதிரி நிறம் இறங்கும், அதில் கெடுதல் இல்லை. அப்படியும் இறால் வளர்க்கும் தொட்டி என்றால் நான் காபிக் கட்டையை வைக்க மாட்டேன்.

கல் எடுப்பதிலும் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லின் மேல் வினிகர் விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக் கல், நுரைக்காவிட்டால் தொட்டியில் போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்ம பக்கம் வழியெல்லாம் கிடக்கும் வெள்ளைக் கல்லுக்கு இந்தச் சோதனை பத்தாது. அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த, வீரியம் குறைந்த அமிலத்தில் அது கிட்டத்தட்ட நுரைக்கவே நுரைக்காது, ஆனால் தண்ணீரில் மெதுவாகக் கரைந்து உப்பை ஏற்றும். ஆகவே வெள்ளைக் கல்லை விட்டுவிட்டு, கருங்கல் ஜல்லியோ ஆற்றுக் கூழாங்கல்லோ எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போடுங்கள்.

லைட் விஷயத்தில்தான் நிறையப் பேருக்குச் சிக்கல். வேகமாக வளரும் செடியில் பழைய இலை போய்ப் புது இலை வந்துகொண்டே இருக்கும், அதில் பாசி பிடித்தாலும் வெட்டி எறிந்தால் முடிந்தது. அனுபியாஸ் இலை ஒன்று வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீரில் உள்ள சத்தை அது வேகமாக எடுப்பதும் இல்லை. ஆக, வெளிச்சம் அதிகமாக இருந்தால் அது யாருக்குப் பயன்படும்? பாசிக்குத்தான். இலை மேல் முதலில் பச்சைப் புள்ளிகள் வரும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. அடுத்து இலை ஓரத்தில் கருப்பாகத் தாடி மாதிரி ஒன்று முளைக்கும். இரண்டடித் தொட்டிக்கு 10 வாட் எல்இடி தாராளம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதிகம் போனால் 7. டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், நாம் ஞாபகம் வைத்துப் போடுவதும் அணைப்பதும் ஒருநாளும் ஒழுங்காக நடக்காது. கரண்ட் போய் வந்தால் டைமரில் மணி பின்தங்கி நிற்கும், மாதாந்திர மின்தடை முடிந்த மறுநாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைக்கவே வேண்டாம், காலை வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலே தண்ணீர் பச்சையாகிவிடும். அனுபியாஸைக் கட்டையின் நிழல் பக்கத்திலோ வேறு செடியின் இலைக்கு அடியிலோ வையுங்கள், அதற்கு அதுதான் பிடிக்கும். இயற்கையில் நிழலான ஓடைக்கரையில் வளரும் செடி, அதனால்தான் பாதாள உலகத்துக்குரிய எகிப்திய தெய்வமான அனூபிஸின் பெயரை வைத்தார்கள் என்பார்கள்.

அடுத்தது தண்ணீர். சேலத்தில் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வாளியின் உள்பக்கம் படிந்த வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மூன்றும் கடினத் தண்ணீரைத் தாங்கும், அதனால் பயப்பட வேண்டாம். மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் குளோரின் இருக்கும் என்பதால் வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் எடுக்கும் மருந்தை ரெண்டு சொட்டு விடலாம்.

உண்மையில் பிரச்சினை, குறைந்த தண்ணீரை நிரப்பும்போதுதான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் ஓடும்போது என் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். அந்த ஒரு லிட்டரைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் மாதம் 30 லிட்டர், அதாவது 54 லிட்டர் தொட்டியில் உப்பு ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. செடியின் நுனி கருகுவதும் மாஸ் பழுப்பாவதும் பல வீட்டில் இதனால்தான். ஆகவே குறையும் தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீரால் நிரப்புங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது வழக்கமான தண்ணீரை ஊற்றலாம். ஆர்ஓ மிஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் தொட்டிக்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரிக்குப் போகும். அனுபியாஸ் சமாளிக்கும், ஜாவா ஃபெர்னும் மாஸும் 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். மூடியைத் திறந்து வைத்து, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படுகிற மாதிரி சாய்த்து வையுங்கள், ரெண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரித்தான் இதுவும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், சட்டென்று குறைந்து மறுபடி ஏறினால் மீன்தான் முதலில் நோயில் விழும். மார்ச் கடைசியிலேயே ஃபேனை மாட்டிவிட வேண்டும், இலை கருக ஆரம்பித்த பிறகு மாட்டிப் பயன் இல்லை. தொட்டி தரைத்தளத்தில், உள் அறையில் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் கதையே வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே நண்பர் வீட்டுத் தொட்டியில் ஜாவா ஃபெர்ன் இருக்கும் செழிப்பைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் இல்லாவிட்டால் செடி சாகாது, ஆனால் இலை விடுவதை நிறுத்திவிடும், அந்த நேரத்தில் உரத்தையும் நிறுத்திவிடுங்கள். அங்கே கவலை செடிக்கு இல்லை, மீனுக்குத்தான்.

புதுச் செடி வாங்கும்போது முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்: கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதெல்லாம் தண்ணீர்ச் செடி இல்லை. எனக்கு ஒரு கடையில், இது வருடக்கணக்கில் இருக்கும் என்று சொல்லி வெள்ளைக் கோடு போட்ட ஒரு செடியைக் கொடுத்தார்கள். அது டிராசீனா, வீட்டு வாசலில் மண்சட்டியில் வளர்ப்பது, தண்ணீருக்குள் ரெண்டு மாதம் நின்றுவிட்டு அழுகித் தண்ணீரையும் கெடுத்தது. தண்ணீரில் இருந்து எடுத்ததும் இலைக்காம்பு விறைப்பாக நின்று, இலையில் அழகழகாக வெள்ளை, சிவப்புக் கோடுகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல தண்ணீர்ச் செடியாக இருந்தாலும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்திருப்பார்கள். கிரிப்டோகோரைன் இதனால் வந்த ஒரு வாரத்திலேயே இலை முழுக்கக் கரைந்து போகும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் பிடுங்காதீர்கள். அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு வேரை அப்படியே விடுங்கள், மூன்று நாலு வாரத்தில் தண்ணீருக்குப் பழகிய புது இலை கல்லுக்குள் இருந்து வரும். ஒருமுறை ஊன்றிய கிரிப்டோகோரைனை இடம் மாற்றினாலும் இதே மாதிரி கோபித்துக்கொள்ளும்.

நத்தை முட்டை வரக்கூடாது என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தண்ணீர் இளஞ்சிவப்பாகும் அளவுக்கு மட்டும் கரைத்து, பத்து நிமிடம் செடியைப் போட்டுவிட்டு நன்றாக அலசுங்கள். இது மாஸுக்கு வேண்டாம், அதை வெறும் தண்ணீரில் பலமுறை அலசினால் போதும்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளி வந்தால் நோய் என்று வெட்டிவிடுவார்கள். அது வித்துப்பை, ஃபெர்ன் செடிகளுக்கு இயல்பானது. இலை நுனியில் வேரோடு குட்டிச் செடி முளைப்பதும் அப்படித்தான், மூன்று நாலு இலை வந்ததும் கிள்ளி வேறு கல்லில் கட்டுங்கள். இலையில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை விழுந்து சுற்றிலும் மஞ்சளாக இருந்தால் மட்டும் பொட்டாசியம் பற்றவில்லை என்று அர்த்தம். மற்றபடி மீன் போடும் கழிவே இந்தச் செடிகளுக்குப் பெரும்பாலும் போதும். வாரம் ஒருமுறை திரவ உரத்தைப் பாட்டிலில் எழுதிய அளவில் பாதிக்கும் குறைவாக ஊற்றுகிறேன், கிரிப்டோகோரைன் வேருக்கு அடியில் மட்டும் ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு உர மாத்திரை புதைக்கிறேன்.

மீனில் கப்பியும் மோலியும் நம்ம கடினத் தண்ணீருக்குப் பொருத்தம், மோலி இலை மேல் படியும் மென்மையான பாசியை மேயவும் செய்யும். கோல்டு ஃபிஷ் மற்ற செடிகளைத் தின்று தீர்த்துவிடும், அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும்தான் அதோடு தாக்குப்பிடிக்கும்.

பாசி வந்தேவிட்டது என்றால் என்ன செய்வது? முதலில் லைட்டை ஒரு மணி நேரம் குறையுங்கள். பச்சைப் புள்ளியைப் பழைய டூத்பிரஷ்ஷால் லேசாகத் தேய்க்கலாம், இலையின் அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு தேயுங்கள். கருந்தாடிப் பாசிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. பாட்டிலில் பாருங்கள், பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதம் ஆக்குங்கள். கட்டையோடு செடியை வெளியே எடுத்து, பாசி இருக்கும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தடவி, மூன்று நிமிடம் வைத்திருந்து, நன்றாக அலசித் திரும்ப வையுங்கள். ரெண்டு மூன்று நாளில் பாசி சிவந்து, பிறகு வெளுத்து உதிரும். அனுபியாஸுக்கு ஒன்றும் ஆகாது, மாஸில் படவிடாதீர்கள். முக்கால்வாசி மூடிப்போன பழைய இலையைக் காக்க வேண்டாம், காம்போடு வெட்டிவிடுங்கள்.

ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து அனுபியாஸின் தண்டு கட்டையைத் தாண்டி நீளும். சில சமயம் தண்ணீருக்குள்ளேயே பூக்கும், சேப்பங்கிழங்குப் பூ மாதிரியே சின்னதாக, வெளிறிய மடலுக்குள் ஒரு குச்சி. ஆறு ஏழு இலைக்கு மேல் வந்த தண்டை நடுவில் கூரான பிளேடால் ஒரே வெட்டாக வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று இலை இருக்க வேண்டும். பழைய துண்டின் பக்கவாட்டில் இருந்தும் ஒரு மாதத்தில் புது முளை வரும். நூல் கொடுத்த அண்ணனுக்கு நான் அப்படி ஒரு துண்டைக் கல்லில் கட்டிக் கொடுத்தேன், தறிக்குப் பக்கத்தில் நிழலில் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறார், தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுகிறார், அவ்வளவுதான் செய்வது, இப்போது அதில் ஐந்து இலை. யாருக்காவது கொண்டு போவதாக இருந்தால் தண்ணீரில் போட்டுத் தூக்கிப் போக வேண்டியதில்லை, நனைத்த செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, வெயில் படாமல் வைத்தால் ரெண்டு நாள் தாங்கும். மாஸை மட்டும் கொஞ்சம் தண்ணீரோடு டப்பாவில் எடுத்துப் போங்கள்.